உனக்காக நான் தங்கவில்லை

அன்புள்ள அருண்,

தமிழில் எழுதுகிறேன். ஊருக்குப் போனால் பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ்ஸைத் தவறவிடுகிறவன் நீ. இந்தக் கடிதத்தில் பாதிப் பக்கம் போவதற்குள் அலுத்துப்போய் உன் பெண்டாட்டி தேன்மொழியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாய். சொல். அவளும் கேட்க வேண்டிய விஷயம்தான். புனே தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டையும் ஆராய்ச்சியையும் ஒரு பெண் எப்படிச் சமாளித்தாள் என்பது போல இனிமையாக வேண்டுமாம். இதன் நகலைத்தான் கொடுக்கப் போகிறேன். உன் கல்யாண ரிசப்ஷனில் கைதட்டியவர்களில் பாதிப்பேர் அந்தச் சங்கத்துக்காரர்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

ரிசப்ஷன் அன்று வானவடி ஹாலில் நீ மைக்கைப் பிடித்தாய். ஹிந்தியில் நாலு வரி, இங்கிலீஷில் நாலு வரி பேசிவிட்டுத் தமிழுக்கு வந்தாய். "எங்கம்மா ஒரு சயின்டிஸ்ட். ஆனா அப்பாவுக்கு அஸ்ஸாம் போஸ்டிங் வந்தப்போ, என் ஸ்கூலிங் கெடக்கூடாதுன்னு அப்பாகூடப் போகாம என்கூடவே இங்க இருந்தாங்க. எனக்காக லைஃபையே தியாகம் பண்ணாங்க." தியாகம் என்ற சொல்லை மட்டும் யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்திருக்க வேண்டும், அவ்வளவு சுத்தமாக வந்தது. ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் என் பக்கம் சாய்ந்து, "இப்ப என்ன செய்யப்போற?" என்று மெதுவாகக் கேட்டார். "கல்யாண வீடாச்சேன்னு சும்மா இருக்கேன்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாங்வியில் நம் வீட்டுக்கு இரண்டு பேரும் சாப்பிட வந்தீர்கள். ரத்னாகிரிப் பக்கம் கடலோரமாகக் கட்டப்போகிற பாலத்துக்குத் தேன்மொழியைச் சைட் இன்ஜினியராகக் கேட்கிறார்கள், ஒன்றரை வருஷம் அங்கேயே இருக்க வேண்டும் என்றாய். சோற்றைப் பிசைந்தபடியே, "நீங்களே சொல்லுங்கம்மா இவளுக்கு. ஃபேமிலின்னா யாராவது ஒருத்தர் விட்டுக்குடுக்கத்தானே வேணும்? நீங்க எனக்காக இருக்கலையா?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தாய். உனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். பேச ஆரம்பித்தால் குழம்பு ஆறுவதோடு முடியாது என்று தெரியும்.

நீங்கள் இரண்டு ஆண்களும் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது தேன்மொழி சமையலறைக்கு வந்தாள். ஈரத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அத்தை, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள். ஈரோட்டுக்காரி, கோபத்திலும் மரியாதை குறையாது. "பிள்ளைக்காக மாமாவ விட்டுட்டு அத்தனை வருசம் இருந்தீங்களே, எப்படீங்க முடிஞ்சுது? எனக்கு இந்தப் பாலத்தை விடவே மனசு வரமாட்டேங்குதுங்க. ராத்திரியெல்லாம் அதேதான் நெனப்பு. எனக்குத்தான் மனசு சின்னதோன்னு தோணுதுங்க."

அவளிடம் அங்கேயே உண்மையைச் சொன்னேன். உனக்கு எழுத உட்கார்ந்ததும் அந்தக் கேள்வியால்தான். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி நம் வீட்டில் சொல்லிவந்த ஒரு பொய்யை நம்பித் தன் மனசு சின்னது என்று நினைக்கிறாள். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. ஆனால் அது என் பேரில் உலவுகிறது, என்னை நல்லவளாகக் காட்டுகிறது. இனி எனக்கு அது வேண்டாம்.

உண்மை இதுதான். நான் உனக்காக இங்கே தங்கவில்லை. என் வேலைக்காகத் தங்கினேன்.

அந்த வேலை என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். அம்மா லேபில் முட்டை உடைப்பாள் என்றுதான் நீ உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். பாஷாண் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு வாரா வாரம் பண்ணையிலிருந்து கருவுற்ற கோழி முட்டைகள் வரும். அதை இன்குபேட்டரில் வைப்போம். மூன்றாம் நாள் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்த்தால், சிவப்பு நூல் போல இரத்தக் குழாய்களும் நடுவில் துடிக்கிற ஒரு புள்ளியும் தெரியும். பக்கவாட்டில் மிளகளவுகூட இல்லாத மொட்டுகள் கிளம்பியிருக்கும். மேல் மொட்டு சிறகாகும், கீழ் மொட்டு காலாகும். இரண்டிலும் இருக்கிற மரபணுக்கள் ஒன்றே. அப்படியிருக்க ஒரு மரபணு சிறகு மொட்டில் மட்டும் வேலை செய்கிறது, கால் மொட்டில் தூங்குகிறது. யார் அதை அங்கே எழுப்பினார்கள், இங்கே தூங்கச் சொன்னார்கள்? இந்த ஒரே கேள்வியோடுதான் தினமும் லூனா வண்டியை உதைத்துக் கிளப்பினேன். இதிலிருந்து உனக்கு வாழ்க்கைப் பாடம் எதுவும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். கோழியின் சிறகு கோழியின் சிறகுதான். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மரபணுவை எழுப்புகிற சின்னத் துண்டு, ஒரு ஸ்விட்ச் என்று வைத்துக்கொள், மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அங்கேதான் தேடினேன். கிடைக்கவில்லை. விலகி விலகித் தேடிக்கொண்டே போனதில், சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவில் ஒரு துண்டு கண்ணில் பட்டது. அதுதான் என்று எனக்குத் தோன்றியது. நிரூபிக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு மாற்றல் வந்தது.

அப்போது லோஹேகாவில் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"போஸ்டிங் வந்துட்டு. அஸ்ஸாம்ல ஜோர்ஹாட். ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைக்குமாம்."

"நான் வரலை" என்றேன்.

"லீவு கேட்டுப் பாரேன்."

"லீவுல போனா அந்த வேலை அதோட போச்சு. திரும்பி வந்து எங்க பிடிக்க?"

"ஏளா, மூணு வருஷம்."

"தெரியும்."

"கோவத்துல சொல்லுதியா?"

"கோவமே இல்லை. யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

மேலே ஒரு விமானம் போனது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை அந்தக் காலனியில் யாரும் பேசமாட்டார்கள், உனக்கு நினைவிருக்கும். சத்தம் அடங்கினதும், "அம்மாட்ட என்ன சொல்ல?" என்றார். "உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். கதவு சரியாகச் சாத்தாது, எல்லாம் கேட்டது. பாளையங்கோட்டையில் உன் ஆச்சி என்ன கேட்டார்கள் என்று தெரியாது. அப்பா சொன்னது மட்டும் கேட்டது. "இல்லம்மா, பையன் படிப்பு கெட்டுப்போவும். அதான் அவ இங்க இருக்கா." வெளியே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உள்ளதைச் சொன்னா உன்னை ஏசுவாங்க. இதுன்னா பாவம்னு சொல்லுவாங்க. உனக்கு எது வேணும்?" என்றார். "ஏசட்டும்" என்றேன். "எனக்கு வேண்டாம். அங்க போய் உக்காந்துகிட்டு உன்னை ஏசுததை என்னால கேட்டுட்டு இருக்க முடியாது" என்றார்.

உன் படிப்பு அன்றி ஒரு காரணமும் இல்லை என்று சொந்தம் முழுக்க நம்பியது. யாரும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. நீ படித்தது சென்ட்ரல் ஸ்கூல். ஜோர்ஹாட்டிலும் அதே பள்ளி, அதே புத்தகம், அதே யூனிஃபாம். உன் படிப்பு ஒரு வாரம்கூடக் கெட்டிருக்காது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாங்விக்கு வந்தோம். மாடி வீடு, தண்ணீர் ஏறாது. கீழ்வீட்டு மராத்தி அம்மா, உன் காக்கு, என்னை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். புருஷன் பட்டாளத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு கொத்தமல்லி போட்ட கோத்ம்பிர் வடி கொடுத்துவிட ஆரம்பித்தார். நீ பள்ளி விட்டு அவர் வீட்டில் இருப்பாய். அதனால்தான் உன் மராத்தி உன் தமிழைவிட நன்றாக இருக்கிறது. அது எனக்குக் குறையாகப் பட்டதில்லை.

லேபில் வியாழக்கிழமை கரண்ட் நிற்கும். ஜெனரேட்டர் ஓடினால் உண்டு, பெரும்பாலும் ஓடாது. இரண்டு தடவை முழு ஈடு முட்டையும் குளிர்ந்து செத்தது. மூன்றாவது தடவை என் மாணவி சுனிதா, "மேடம், வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம், அங்கே கரண்ட் இருக்குமே" என்றாள். பழைய இன்குபேட்டர் ஒன்றை ரிக்ஷாவில் ஏற்றி வந்து நீ படிக்கிற மேஜை பக்கத்தில் வைத்தோம். நீ அதன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாய். "எல்லாம் குஞ்சா வருமா?" என்று கேட்டாய். வராது, நாலாம் நாள் திறந்து பார்ப்பேன், அதோடு முடிந்தது என்றேன். என்னோடு பேசாமல் இருந்தாய். சுனிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னப் பையனிடம் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாமே என்றாள். எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் நீயே வந்து, "பார்க்கணும்" என்றாய். ஜன்னல் வெட்டிக் காட்டினேன். இதயம் துடிப்பதை நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாய். பிறகு, "இது செத்துப்போறதுக்கு நீ கண்டுபிடிக்கிறது வொர்த்தாம்மா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை இன்றுவரை எந்தக் கமிட்டியும் என்னிடம் அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. "வொர்த்னு நினைக்கிறேன். தப்பாவும் இருக்கலாம்" என்றேன். நீ தலையாட்டினாய்.

துறைத்தலைவர் ஒரு நாள் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, குரல் உயர்த்தியே பேசமாட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்கிறேன். "உங்கள் கணவர் ஊரில் இல்லை. சின்னப் பையன் இருக்கிறான். ஏன் இவ்வளவு கஷ்டமானதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? அவ்வளவு தூரத்தில் ஸ்விட்ச் இருக்க வாய்ப்பே இல்லை. சுனிதாவை வேறு ஒருவரிடம் மாற்றிவிடலாம். நீங்கள் கொஞ்ச நாள் வகுப்பெடுங்கள்." என் கணவர் ஊரில் இல்லாததற்கும் கோழி மரபணுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நான் தப்பு என்றால் என் முட்டையிலேயே தெரிந்துவிடும். அதுவரை விடமாட்டேன்" என்று சொல்லி எழுந்து வந்தேன். சுனிதாவிடம் போகிறாயா என்று கேட்டேன். "நான் போனால் முட்டையை யார் திருப்புவது?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் உனக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தேன். காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு, காக்குவிடம் உன்னை விட்டுவிட்டுக் காலையில் லேபுக்குப் போய் மத்தியானம் திரும்பினேன். லீவில் வந்த அப்பாவிடம் அக்கம்பக்கத்து ஆட்கள் இதைச் சொல்லியிருந்தார்கள். அவர் உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஜோர்ஹாட் மெஸ்ஸில் தனியாக இருந்து அவருக்கு உடம்பு பாதியாகியிருந்தது. அவருக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தியாகம் என்ற சொல்லை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவருக்குக் கொடு. ஆனால் அவரும் வாங்கமாட்டார். ரயிலேற்றப் போனபோது பிளாட்பாரத்தில் நின்று, "நீலம் வந்தா போன் பண்ணு. என்ன நேரமானாலும் சரி" என்றார். அவர் அப்படிச் சொல்லும்வரை, நான் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தெரியாது.

நீலம் என்று அவர் சொன்னது இதைத்தான். நான் கண்டுபிடித்த துண்டோடு நீல நிறம் தருகிற வேறொரு மரபணுவை ஒட்டி, சிறகு மொட்டிலும் கால் மொட்டிலும் செலுத்துவோம். என் துண்டு உண்மையிலேயே சிறகின் ஸ்விட்ச் என்றால் சிறகில் மட்டும் நீலம் வரும். இரண்டிலும் வந்தால் நான் தப்பு. எதிலுமே வராவிட்டாலும் தப்பு. மாசக்கணக்கில் எதிலுமே வரவில்லை. கரு செத்தது, அல்லது வெள்ளையாக இருந்தது. துண்டை நீட்டிப் பார்த்தோம், குறைத்துப் பார்த்தோம். ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் முதலில் சுனிதாதான் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டாள். சிறகு மொட்டின் பின் ஓரத்தில், நகத்தில் இங்க் பட்ட மாதிரி, நீலம். கால் சுத்தமாக இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

கீழே போய் பூத்திலிருந்து ஜோர்ஹாட்டுக்குப் போட்டேன். அப்பாவைக் கூட்டி வர ஆள் போயிருக்கிறது என்றார்கள். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சிரைக்க வந்தவர், "பையனுக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். "அவன் ஸ்கூலுக்குப் போயிட்டான். நீலம் வந்துட்டு" என்றேன். "எதுல?" "சிறகுல." "கால்ல?" "இல்லை." "அப்ப நீ சொன்னதுதான் சரி" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் பெரியது எது என்று சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். அதுதான்.

அதற்குப் பிறகும் எதுவும் சுலபமாக நடக்கவில்லை. கட்டுரையை இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில், யாரும் அதிகம் படிக்காத ஒரு சஞ்சிகையில் வந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. சில வருஷம் கழித்து, கோழியின் மரபணு வரிசையில் இருக்கிற மொத்த எழுத்துகளையும் படித்து முடித்த பிறகு, வெளிநாட்டில் ஒரு கூட்டத்தார் அதே துண்டை அதே இடத்தில் கண்டுபிடித்து, எங்கள் பேரை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார்கள். துறைத்தலைவர் என் அறைக்கு வந்து கைகொடுத்தார். "நீங்கள் விடச் சொன்னது இதைத்தான் சார்" என்றேன். "தெரியும்" என்றார். நல்ல மனிதர்தான்.

இப்போது நீ ஒன்று கேட்பாய். அப்படியென்றால் நான் உங்களுக்கு இரண்டாவதாம்மா என்பாய். கேட்டால் தப்பில்லை. நேராகவே பதில் சொல்கிறேன். நீ பிறந்தே இருக்காவிட்டாலும் நான் புனேயில் தங்கியிருப்பேன். வேலை மட்டும் இல்லாதிருந்தால் மூன்று பேரும் ஜோர்ஹாட் போயிருப்போம், நீ அஸ்ஸாமி பேசியிருப்பாய். இதில் உனக்கு எந்த இடமும் குறையவில்லை. உன்னோடு இருந்த ஒரு நாளைக்கூட நான் கடமைக்காகக் கழிக்கவில்லை. உனக்காக எதையோ இழந்தேன் என்று ஒரு நாளும் உன்னை நான் பார்த்ததில்லை. அப்படிப் பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும், அது உன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். எனக்கு நீ கடன்பட்டவன் இல்லை. ஆகவே அந்தக் கடனைத் தேன்மொழியிடம் வசூலிக்கவும் உனக்கு உரிமை இல்லை.

அவளுக்கு நான் புத்தி எதுவும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பாலத்தைப் பற்றிச் சொல்லு என்று மட்டும் கேட்டேன். கையைத் துடைத்துவிட்டு, சமையலறை மேடையில் கரண்டியையும் டம்ளர்களையும் வைத்து, அலை வருகிற இடத்தில் தூணை எப்படி இறக்குவார்கள் என்று காட்டினாள். அரை மணி நேரம் பேசினாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்றால் இன்றைக்குக் கேள். உனக்குப் பயம் என்ன என்பதையும் அவளிடம் சொல். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றால் அப்படியே சொல். அதற்கு என்னைக் கேடயமாகப் பிடிக்காதே. உன் அப்பா பிளாட்பாரத்தில் நின்ற மாதிரி நிற்க எல்லோராலும் முடியாது. உன்னால் முடியும் என்று நான் நினைக்கிறேன்.

அவள் நேற்று எனக்குப் போன் செய்தாள். ஒப்புக்கொண்டுவிட்டாளாம். உன்னிடம் இரவு சொல்கிறேன் என்றாள், சொல்லியிருப்பாள். தங்கப்போகிற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வர நான் துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். சனிக்கிழமை காலை ஸ்வார்கேட்டிலிருந்து பஸ். அப்பாவும் வருகிறேன் என்கிறார், கடல் பார்த்து நாளாயிற்றாம். மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறோம். உனக்கும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவனைக் கேக்காம அவனுக்கு நாம முடிவு பண்ணக்கூடாது என்றார் அப்பா. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. வருவதாக இருந்தால் வியாழக்கிழமைக்குள் சொல்.

அம்மா